பாடி முதல் பட்டாபிராம் வரை: ஒரு வாந்திபேதியின் வழித்தடம்

மலை, அருவி, கோயில் என்று இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவள், இந்த முறை வாந்திபேதியைத் தேடிப் போன கதையை எழுதுகிறேன். சாப்பிடும்போது படிக்க வேண்டாம், பிறகு என்னைத் திட்டக் கூடாது. வயிற்று நோய் வைரஸ்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் எனக்கு வெளிவேலை. நோயாளிகளின் வீடு வீடாகப் போய் விசாரித்து, மலத்தை டப்பாவில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வர வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிப் பெருமைப்படக்கூடிய உத்தியோகம் இல்லை.

போன கோடையில் பாடி, ஐயப்பன்தாங்கல், பட்டாபிராம் மூன்று ஊர் மாதிரிகளிலும் ஒரே வகை வைரஸ் தெரிந்தது. மூன்று ஊருக்கும் தண்ணீர் வேறு வேறு. பட்டாபிராமில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வீட்டில் ஆள் படுத்துவிட்டது. அங்கே கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஸ்டெல்லா அக்கா இட்லி மாவு அரைத்து விற்பவர். நான்கு வீட்டாரும் அவரிடம் மாவு வாங்குகிறவர்கள். ஐயப்பன்தாங்கலில் படுத்தது அவருடைய மகளின் குழந்தை, அங்கேயும் அவர் மாவுதான் போயிருக்கிறது. போதாதா? குடியிருப்புச் சங்கத்தார் அவரை மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மாவா, இல்லையா என்று பார்த்துச் சொல்வது என் தலையில் விழுந்தது.

காலை 6.40-க்கு அம்பத்தூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பாடி வரை 20 ரூபாய். என் பெட்டியைப் பார்த்த டிரைவர், "இன்னாக்கா பொட்டில, மீனா?" என்றார். வழக்கமாக மருந்து என்று சொல்லிவிடுவேன். அன்று இருந்த அலுப்பில் உள்ளதைச் சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த இருவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்கள். பாடி வரை கால் நீட்டிப் போனதுதான் அந்த நாளின் ஒரே சொகுசு.

பாடியில் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், பழைய தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய சந்தில் மேரியின் வீடு. கணவர் லேத் பட்டறையில் வேலை. முதலில் படுத்தது இவர்கள் பையன்தான், இப்போது எழுந்து பள்ளிக்குப் போகிறான். ஸ்டெல்லா அக்கா மாவு வாங்கினீர்களா என்று கேட்டேன். பட்டாபிராமிலிருந்து இங்கே யார் மாவு கொண்டுவருவார்கள், நாங்கள் தெருமுனை மெஷினில் அரைக்கிறோம் என்றார். எனக்குத் தூக்கம் கலைந்தது. அப்படியானால் அந்த அக்காவைத் தெரியுமா என்றேன். தெரியாமல் என்ன, ஒரே சபைதான், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பையனைப் பார்க்க ஜெபக்குழு பட்டாபிராமிலிருந்து ரயிலேறி நேராக இங்கே வந்தது என்று மேரி ஆசையாகச் சொன்னார். நோயாளியின் தலையில் கைவைத்து ஜெபிப்பது அவர்கள் வழக்கம். ஜெபத்தின் நடுவிலேயே பையன் வாந்தி எடுத்துவிட்டானாம்.

"ஸ்டெல்லா அக்கா தன் முந்தானையாலயே தொடச்சாங்க சிஸ்டர். ஒருத்தர்கூட மூஞ்சி சுளிக்கல. கைகூட கழுவல, அப்டியே ஒக்காந்து டீ, ரஸ்க் சாப்ட்டுதான் போனாங்க," என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

ஏன் கழுவவில்லை என்று கேட்டேன். நோயாளியைத் தொட்டுவிட்டு அந்த வீட்டிலேயே கை கழுவினால் அருவருப்புப் பட்டதாக அர்த்தமாம், வீட்டாரின் மனம் நோகுமாம். வெளியே வந்து எல்லோரும் ஒரு சொட்டு சானிடைசர் தடவிக்கொண்டார்களாம். அந்தச் சொட்டுக்கு இந்த வைரஸ் அசையாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். குழுவில் வந்தவர்கள் யார் யார் என்று விசாரித்தேன். பட்டாபிராமில் படுத்த நான்கு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. மற்றவர்கள் ஊர் திரும்ப, ஸ்டெல்லா அக்கா மட்டும் மகள் வீட்டுக்கு பஸ் ஏறியிருக்கிறார்.

நானும் அதே வழியில் கிளம்பினேன். கோயம்பேட்டில் மாறி ஐயப்பன்தாங்கல். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் காசு செலவில்லை, உயிர் மட்டும் போகும். தூரம் என்னவோ பதினைந்து கிலோமீட்டர்தான். போரூர் நெரிசலில் பஸ் நின்ற நேரத்துக்கு ஒரு சாம்பாரே வைத்து இறக்கியிருக்கலாம். இறங்கும்போது மணி 10.50, பெட்டியில் ஐஸ் பாதி உருகிவிட்டது, நான் முழுசாக உருகியிருந்தேன்.

டெப்போவுக்குப் பின்னால் ஒரு அபார்ட்மென்ட்டில் மகள் ஷெரின், ஐடி வேலை. பதினோரு மாதக் குழந்தை டிரிப்ஸ் ஏறி வீடு திரும்பி, வாடின கீரை மாதிரி தோளில் கிடந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குழந்தை என்ன சாப்பிட்டது என்று கேட்டேன். இட்லியைத் துப்பிவிட்டதாம், பாட்டி பருப்புசாதம் பிசைந்து ஊட்டியதைத்தான் தின்றதாம். கரண்டியிலா, கையிலா? கையில்தான். அந்த மாவில் ஊற்றிய இட்லியைத் தின்ற ஷெரினும் கணவரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

"மாவுதானே மேடம்? அம்மாகிட்ட கறாரா சொல்லிட்டேன், இனிமே மாவு கொண்டு வராத, சும்மா வந்து பாப்பாவைக் கொஞ்ச நேரம் தூக்கி வெச்சிருந்துட்டுப் போன்னு," என்றாள்.

இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று மழுப்பிவிட்டு, காப்பி வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

ஐயப்பன்தாங்கலிலிருந்து பூந்தமல்லி, அங்கே சாம்பார் சாதம் 50 ரூபாய், வாயில் வைக்க முடியவில்லை. பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு பஸ், ஆவடியிலிருந்து பட்டாபிராமுக்கு ரயில், 5 ரூபாய். மதியம் 3.15-க்குப் போய்ச் சேர்ந்தேன். முதலில் குடியிருப்புக்கு எதிரே உள்ள டிபன் கடையில் விசாரித்தேன். ஸ்டெல்லா அக்காவிடம் அதிகமாக மாவு எடுப்பது அந்தக் கடைதான். கடைக்காரர் வீட்டிலும் சரி, அன்றாடம் அங்கே சாப்பிடுகிறவர்களிலும் சரி, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அத்தோடு மாவு விடுதலை.

ஸ்டெல்லா அக்கா கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை, இந்த மாவுதான் சோறு. மாவில் தப்பில்லை, சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறோம், நீங்கள் காலி பண்ண வேண்டியதில்லை என்றேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று அழுதார். எனக்கு மோர் கரைத்துக் கொண்டுவந்தார். நான் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியானால் பாப்பாவுக்கு எப்படி வந்தது என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் வழியெல்லாம் வந்தேன். சுற்றி வளைத்தேன். இன்னார் கைதான் என்று எந்தச் சோதனையும் அடித்துச் சொல்லாது என்றேன். பாடி, முந்தானை, பஸ், பருப்புசாதம் என்று நான் சொல்லச் சொல்ல அவருக்கே விளங்கிவிட்டது. கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"மாவுன்னே எழுதிடு சிஸ்டர்," என்றார். "நான் வூட்ட காலி பண்ணிக்கினு போறேன். மாவுன்னா அவ மாவுதான் வேணாம்னுவா. கைன்னு தெரிஞ்சா கொழந்தைய தூக்க வுடுவாளா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பொய் எழுத முடியாது, எழுதினால் அடுத்த வீட்டிலும் இதே கதைதான் என்றேன். அறிக்கையில் யார் பெயரும் வராது, மகளிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான் என்றேன். சோப்புப் போட்டுக் கழுவினால் தாராளமாகத் தூக்கலாம் என்று நாலைந்து முறை சொன்னேன். தலையாட்டினார். 5.20 ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் என்னால் கண்ணை மூட முடியவில்லை.

இதே போல் சுற்ற வேண்டியவர்களுக்கு: பாடியிலிருந்து ஐயப்பன்தாங்கலுக்குக் காலை எட்டுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். ஆவடி–பட்டாபிராம் ரயில்தான், பஸ்ஸை நம்பாதீர்கள். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வெட்கப்படாமல் சோப்புக் கேளுங்கள். வீட்டுக்காரர்கள் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் வாளியில் தண்ணீரும் சோப்பும் எடுத்து வையுங்கள். வாந்தி நின்றாலும் இரண்டு நாள் யாருக்கும் சமைக்கவோ ஊட்டவோ வேண்டாம்.

போன வாரம் ஸ்டெல்லா அக்காவுக்கு போன் செய்தேன். சங்கம் அறிக்கையை ஏற்றுக்கொண்டது, வியாபாரம் பழையபடி நடக்கிறது. மகளிடம் அன்று ராத்திரியே சொல்லிவிட்டாராம். ஷெரின் கோபித்துக்கொள்ளவில்லையாம், வாம்மா, பாப்பா தேடுது என்று ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுகிறாளாம். போனீர்களா என்று கேட்டேன். அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது மாவு கொடுத்தனுப்பிவிடுகிறேன் சிஸ்டர் என்றார்.