ஒன்றாம் எண் வில்லை

போன வாரம் வெள்ளையடிக்க வந்த பெயின்டர், வாசற்கதவுக்கு இடப்பக்கம் இருந்த ஆணியைக் காட்டி, "அய்யா, சும்மாதான கெடக்கு, புடுங்கிரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "காலண்டர் எதும் மாட்டப் போறீகளா?" அதற்கும் இல்லை என்றேன். அவர் ஆணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றி ஜாக்கிரதையாக பிரஷ்ஷை ஓட்டினார். அந்த ஆணியில் மாட்ட வேண்டியது என் சட்டைப் பையில் இருந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளை வில்லை. மேலே ஒரு துளை, நடுவில் ஒன்று என்ற எண். என் மச்சானுடையது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். குஜிலியம்பாறைப் பக்கம், மழை பெய்தால்தான் விதைப்பு என்றிருக்கும் ஊரில் பிறந்தவர். பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்து, காஷ்மீரில் பனிச்சறுக்குப் பழகி, மற்ற சிப்பாய்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாமல், அங்கேயே மலை மேல் ஒரு விடுதியில் வழிகாட்டியாக இருந்தார். அங்கே வருகிறவர்கள் பனியை அள்ளி வீசிப் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் அல்லர். பல வருடம் சறுக்கித் தேர்ந்தவர்கள். இயந்திரம் ஓட்டிச் சமன்செய்து, கொடி நட்டு வைத்த சரிவுகள் அவர்களுக்கு அலுத்துவிட்டன. மலையின் பின்பக்கம், மரங்களுக்கு நடுவே, யாரும் மிதிக்காத பனியில் இறங்க வேண்டும் அவர்களுக்கு. அதற்கு அந்த மலையை அறிந்த ஆள் வேண்டும். வாரத்துக்குப் பன்னிரண்டு விருந்தினர், இரண்டு வழிகாட்டிகள். முன்னால் போகிறவர் மச்சான். கடைசியில் வருகிறவர் அந்த ஊர்க்காரர்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது என் மனைவி இறந்த பிறகு. அரசு மருந்துக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் பெட்டிகளை எண்ணி நான் ஓய்வு பெற்ற பதினோராம் மாதம் அவள் போய்விட்டாள். அதன்பின் வீட்டில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் எண்ணிக்கொண்டிருந்தேன். மாடிப்படி பதினேழு. ஜன்னல் கம்பி முப்பத்தாறு. மகள் பெங்களூரிலிருந்து போனில் பேசுவது மாதத்தில் நான்கு முறை. அவள்தான் மாமனிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் மச்சான் கூப்பிட்டார். "என்ன மாப்ள, செயிலுக்குப் போகாமயே கம்பி எண்ணுறியாமே? இங்கிட்டுக் கெளம்பி வா. எண்ணுறதுக்கு நெறைய ஆளு இருக்கு."

நான்கு குளிர்காலம் அங்கே இருந்தேன். மாவு மூட்டை, மண்வாரி, கயிறு எல்லாம் என் பொறுப்பு. ஒவ்வொருவரும் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் சிறிய சிக்னல் கருவியும் என் கணக்கில்தான். ஒருவர் பனிக்கடியில் புதைந்துபோனால், மற்றவர்கள் தங்கள் கருவியை வைத்துத் தேடி எடுக்கலாம். திரும்பி வந்தவர்களை அங்கே தலையை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நகர்ந்துகொண்டே இருக்கும் தலைகளை எண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் கோடையில் ஊருக்கு வந்தபோது திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் பதினான்கு வில்லைகள் அடித்து வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் ஒரு பலகை, அதில் பதினான்கு ஆணி. காலையில் அவரவர் வில்லையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் அவரவர் கையால் மாட்ட வேண்டும். நான்கு மணிக்கு ஏதாவது ஓர் ஆணி காலியாக இருந்தால் வாக்கிடாக்கியில் மீட்புச் சாவடியைக் கூப்பிடுவேன். "ரேசன் கடைக்காரன் தோத்தான்" என்று மச்சான் சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

அவருக்கும் தனியாக ஒரு கணக்கு இருந்தது. சரிவின் தலைப்பில் எல்லாரையும் நிறுத்திவிட்டு, பனியை மார்பளவு தோண்டி, அடுக்கடுக்காகக் கையால் தடவிப் பார்ப்பார். "நம்மூருல கெணறு வெட்டுறப்ப பாத்திருக்கியா? மேல மண்ணு நல்லாத்தான் இருக்கும். அடியில ஒரு வழுக்குக் கெடக்கும். அதத் தொடாம எறங்கிட்டா பொழச்சோம்." பிறகு ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்கவிடுவார். முன்னவர் கீழே பத்திரமான இடத்தில் நின்று கையைத் தூக்கும்வரை அடுத்தவர் அசையக்கூடாது. அதில் அவர் யாருக்கும் சலுகை காட்டியதில்லை.

நான்காவது குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம், நான்கு மணிக்குப் பதினான்கு ஆணியும் காலி. நான் சாவடியைக் கூப்பிட்டுவிட்டேன். ஸ்ட்ரெச்சரோடு எட்டுப் பேர் மலையேறத் தொடங்கியதுமே, மச்சான் குழுவோடு எதிரே இறங்கி வந்தார். யாருடைய சறுக்குப் பலகையிலோ திருகு கழன்று தாமதமாகியிருக்கிறது. மொத்தம் பன்னிரண்டு நிமிடம். சாவடிக்காரர்கள் வாரம் முழுக்க அவரைக் கேலி செய்தார்கள். என்னிடம் அவர், "நான் என்ன மாப்ள, திருவிழாவுல தொலஞ்ச புள்ளயா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் இரண்டு நாள் சாப்பிடும்போது என் பக்கத்தில் உட்காரவில்லை.

அடுத்த வாரம் மூன்று நாள் விடாமல் பனி கொட்டி, நான்காம் நாள் வெயில் அடித்தது. அன்று மூன்று நாற்பதுக்கே எல்லாரும் திரும்பினார்கள். வாசலில் நெரிசல், சத்தம், உதறிய பனி, சூப் வாசனை. கூட்டம் உள்ளே போனதும் பலகையைப் பார்த்தேன். பதினான்கு ஆணியிலும் வில்லை. நோட்டில் டிக் அடித்துவிட்டு உட்கார்ந்து டீ குடித்தேன். அந்தக் குளிர்காலத்தில் கதவைப் பார்க்காமல் நான் குடித்த ஒரே டீ அதுதான்.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு பூட்ஸ் காயவைக்கும் அறைக்குப் போனேன். பதின்மூன்று ஜோடி இருந்தது. மறுபடி எண்ணினேன். பதின்மூன்றுதான்.

கூடத்துக்கு ஓடி, மச்சான் எங்கே என்று கத்தினேன். விருந்தினர்களில் ஒருவர், வெளிநாட்டு டாக்டர், நல்ல மனிதர், எழுந்து நின்றார். கீழே இறங்கியதும் வழிகாட்டி தன் வில்லையை அவரிடம் கொடுத்து மாட்டச் சொன்னாராம். நாளைக்குப் போகும் சரிவில் பனி எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு அரைமணியில் வருவதாகச் சொன்னாராம். "வில்லை இல்லாவிட்டால் என் தங்கை வீட்டுக்காரர் பதறிப்போவார்" என்றும் சொன்னாராம். கீழிருந்து மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்ட இரண்டாம் வழிகாட்டிக்கு இது எதுவும் தெரியாது.

அவரும் சாவடிக்காரர்களும் ஓடினார்கள். சிக்னல் கருவிதான் இடத்தைக் காட்டியது. மேலிருந்து பனி அகலமாகப் பெயர்ந்து வந்து, அவரை ஒரு மரத்தோடு சேர்த்து இடுப்பளவு புதைத்திருந்தது. கால் உடைந்திருந்தது. வாக்கிடாக்கி பையோடு அடியில் சிக்கிவிட்டது. இடது கையுறையைக் காணோம். அந்தக் கையின் மூன்று விரல்களைப் பிறகு எடுக்க வேண்டியதாயிற்று. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் விரல்கள் தப்பியிருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். நான்கு மணியிலிருந்து ஐந்து ஐந்து வரை அறுபத்தைந்து நிமிடம். அதில் அவர் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பல விதமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

கட்டுப் போட்ட கையோடு அவர் சொன்னார். "அழுகாத மாப்ள. நீ வச்ச சட்டத்த நாந்தான ஒடச்சேன். நீ பதறுவேன்னுதான் குடுத்துவிட்டேன்." ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் மனிதர்கள் என் பதற்றத்துக்குப் பயந்து என்னிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் மனைவிகூடத் தன் நெஞ்சுவலியை எத்தனை நாள் மறைத்தாளோ. அந்த ஒன்றை என்னால் எண்ண முடியவில்லை.

அத்தோடு இருவரும் மலையை விட்டு இறங்கினோம். அவர் குஜிலியம்பாறைப் பக்கம் தன் ஊருக்குப் போனார், நான் திண்டுக்கல்லுக்கு வந்தேன். பிரியும்போது ஒன்றாம் எண் வில்லையை என் கையில் திணித்தார். "சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டு ரிங் விடுவேன். வீடு வந்து சேந்துட்டேன்னு அர்த்தம். எடுக்காத, காசு ஆகும். வில்லைய மட்டும் மாட்டிரு." கேலி என்று நினைத்தேன். ஆனால் ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட அவர் தவறவில்லை. இரண்டு ரிங் அடித்து நின்றதும் இந்த ஆணியில் வில்லையை மாட்டுவேன். காலையில் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். மூன்றாவது ரிங்குக்கு முன்னால் எடுத்து, இனிமேல் எதுவானாலும் என்னிடம் நேராகச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொன்னதில்லை.

போன ஆடியில், காலையில் காபி குடித்துக்கொண்டிருந்த மச்சான் அப்படியே சாய்ந்துவிட்டார். அடக்கம் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. பழக்கத்தில் கை தானாகப் போய் வில்லையை மாட்டிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வராமலே வந்துவிட்டதாக இரண்டாம் முறையும் அந்த வில்லை சொல்லிக்கொண்டிருந்தது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அதன்பிறகு மாட்டவில்லை.

பெயின்டர் வேலையை முடித்துக்கொண்டு ஐந்தரைக்குக் கிளம்பினார். ஈரச் சுவரில் ஆணி மட்டும் பழைய துருவோடு நின்றது. நாற்காலியைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். ஆறு மணி ஆனது. ஆறு பன்னிரண்டும் ஆனது. வில்லை என் பையில் இருக்கிறது. ஆணி காலியாக இருந்தால், ஒருவர் இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தம்.