தலைக்கு மேலே பத்து மாத அட்வான்ஸ்

குடித்தனக்காரர் கையில் ஸ்வீட் டப்பாவோடு வந்தால் ஹவுஸ் ஓனர் சந்தோஷப்படக் கூடாது. காலி பண்ணப் போகிறார் என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் குடித்தனக்காரர் சம்பந்தம் சார் அரைக் கிலோ மைசூர்பாகோடு என் வாசலில் வந்து நின்றார்.

"வண்டலூர் பக்கம் சின்னதா ஒரு வீடு கட்டிக்கிட்டிருக்கேன் மேடம். ரூஃப் போட்டாச்சு. ஆவணியில கிரகப்பிரவேசம். நீங்க அட்வான்ஸ் ஆறாயிரத்தைக் குடுத்தீங்கன்னா கதவு ஜன்னல் மாட்டிடுவேன்."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றேன். அந்த ஆறாயிரம் என்னிடம் இல்லை. எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும். சேலையூரில், அவர் தினமும் படுத்துத் தூங்கும் அறைக்கு மேலே, கான்கிரீட்டாக இருந்தது.

மேஸ்திரி சொன்ன வழி

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஆபீஸ் லோனையும் என் கழுத்துச் சங்கிலியையும் வைத்து சேலையூரில் கீழே இரண்டு போர்ஷன் கட்டினேன். நாங்கள் மட்டும் மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டிலேயே இருந்தோம். சொந்த வீட்டில் நாமே குடியேறினால் ஒரு போர்ஷன் வாடகை நஷ்டம் இல்லையா? எங்கள் ஹவுஸ் ஓனர் தண்ணீர் விடவில்லை என்று நான் திட்டிக்கொண்டிருந்த அதே மாதத்தில்தான் நானும் ஹவுஸ் ஓனர் ஆனேன்.

தளம் போட்ட அன்று பார்த்தால், ஏழுமலை மேஸ்திரி ஒவ்வொரு தூணிலும் கம்பியை இரண்டடி வெளியே நீட்டி விட்டிருந்தார்.

"எதுக்கு மேஸ்திரி இது?"

"மேல ஏத்தப் போறல்லம்மா, அதுக்குத்தான்."

"பணத்துக்கு எங்க போறது?"

"இன்னாம்மா, படிச்சவ நீயே இப்டி கேக்குற? துட்டு உங்கிட்ட இல்லன்னா இன்னா, குடி வர்றவன்கிட்ட கீதுல்ல? கீழ வர்றவன்கிட்ட பத்து மாச அட்வான்ஸ் வாங்கினு மேல ஏத்து. மேல வர்றவன்கிட்ட வாங்கினு பூச்சு வேலய முடி."

"அவங்க காலி பண்ணிட்டா?"

"அடுத்து வர்றவன் குடுப்பான். ஊரே இப்டிதான்மா நின்னுகினு கீது."

அவர் சொன்னது பொய்யில்லை. குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை எந்த மொட்டை மாடியைப் பார்த்தாலும் கம்பி நீட்டிக்கொண்டுதான் இருந்தது. அதுவரை துணி காயப்போட என்று நினைத்திருந்தேன். மேலே இரண்டு போர்ஷன் எழும்பியது. "யாருமே காலி பண்ணாம இருக்கணுமே" என்றார் என் கணவர். எங்கள் தொழிலில் அவருடைய பங்களிப்பு அந்த ஒரு வாக்கியம்தான்.

அதன் பிறகு இரண்டு வருடம் நான்கு குடும்பங்களைத் தாங்கு தாங்கென்று தாங்கினேன். கீழே இன்னொரு போர்ஷனில் இருந்த ஜமால் பாய், ஸ்கூட்டர் ஏற்றச் சரிவு வேண்டும் என்றார். மறுநாளே சிமென்ட் பூசிக் கொடுத்தேன். மற்ற ஹவுஸ் ஓனர்கள் சுவரில் ஆணி அடித்தால் சண்டைக்கு வருவார்கள். நான் ஆணி வாங்கிக் கொடுத்தேன். "இப்படி ஒரு தங்கமான ஓனர் கிடைக்க மாட்டாங்க" என்று தெருவெல்லாம் பேச்சு. அத்தனையும் பயம் என்று யாருக்குத் தெரியும்?

உண்மை பேசும் கணக்கு வாத்தியார்

டு-லெட் போர்டு மாட்டினேன். வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் காலி பண்ணுகிறவர்தான் திறந்து காட்டுவார், அதுதான் வழக்கம். சம்பந்தம் சார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அரை மார்க்கூடச் சும்மா போடாதவர். இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

முதலில் வந்தவர் ஒரு ஏர்போர்ட் உத்தியோகஸ்தர். நானும் கூட நின்றேன்.

"தண்ணி எப்படி சார்?" என்று கேட்டார் அவர்.

"ஐப்பசி கார்த்திகையில வாசப்படி வரைக்கும் வரும்" என்றார் சம்பந்தம் சார். "சித்திரையில கிணறு உப்பு. சமையலுக்கு லாரியத்தான் நம்பணும்."

"சுவரெல்லாம் நல்லாயிருக்கா?"

"வடக்குச் சுவர்ல ஓதம் ஏறுது. இருங்க, இந்தக் காலண்டர எடுத்துட்டுக் காட்டறேன்."

எடுத்தும் காட்டினார். சுவரில் பூத்திருந்த ஈரத்தின் நீள அகலத்தையும் சொன்னார். ஏர்போர்ட்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான்.

இப்படி ஏழு பேர் வந்தார்கள், ஏழு பேருக்கும் காலண்டர் இறங்கியது. "கொஞ்சம் நல்லதையும் சொல்லலாமே சார்" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"கேட்டதுக்குப் பதில் சொல்றேன் மேடம். நாளைக்கு வந்து அவங்க கஷ்டப்படக் கூடாது பாருங்க" என்றார். அதே மூச்சில், "என் அட்வான்ஸ் எப்ப மேடம்?" என்றும் கேட்டார்.

"அடுத்த வாரம் சார்."

எத்தனை கோபக்காரரையும் "லைன்ல இருங்க சார்" என்று காக்க வைப்பதுதான் என் உத்தியோகம். அவரையும் அப்படியே மூன்று வாரம் வைத்திருந்தேன். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? போர்டை ஏறிட்டுப் பார்க்கக்கூட ஆளில்லை.

ஆடி முடியப் போகும் நேரத்தில் ஒரு சாயங்காலம் சேலையூருக்குப் போனேன். சம்பந்தம் சார் அச்சடித்த பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆசாரி கதவெல்லாம் செஞ்சு வச்சிட்டான் மேடம். காசு குடுத்தாத்தான் வண்டியில ஏத்துவேங்கறான். கதவில்லாத வீட்டுக்கு எப்படி நான் நாலு பேரக் கூப்பிடுவேன்?" என்றார். பத்திரிகையை மடியில் கவிழ்த்து வைத்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆயிரம் பேரைக் காக்க வைத்திருக்கிறேன். ஒருவர் வீட்டு வாசலைத் திறந்து போட்டுக் காக்க வைத்ததில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"உங்க பணம் எங்கிட்ட இல்ல சார். மாடி கட்டிட்டேன். அடுத்து வர்றவங்க குடுத்தாத்தான் உங்களுக்குக் குடுக்க முடியும்."

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது.

"அப்ப வந்தவங்களையெல்லாம் துரத்தி, என் பணத்த வரவிடாம பண்ணது நான்தானா?"

"பாதி நீங்க சார். பாதி நான்."

ஆவணி

ஆவணி முதல் தேதியே ஒரு நர்ஸம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். "தண்ணி எப்படி சார்?" என்றார் நர்ஸம்மா.

சம்பந்தம் சார் என்னைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். அது ஆணியிலேயே இருந்தது.

"காத்து நல்லா வரும்" என்றார்.

"இல்ல, தண்ணி..."

"தெற்கு ஜன்னல்மா. ஃபேனே போட வேண்டாம்." சொல்லி முடிப்பதற்குள் அவர் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

அன்று சாயங்காலமே அட்வான்ஸ் வந்தது. கவர் என் கையில் பத்து நிமிஷம்கூட இல்லை. அப்படியே அவரிடம் கொடுத்தேன். மனசு கேட்காமல், அடுத்த சித்திரையில் நர்ஸம்மாவின் லாரித் தண்ணீருக்கு நானே பணம் கட்டினேன். அவரும் என்னைத் தங்கமான ஓனர் என்றார்.

கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். கதவெல்லாம் மாட்டியிருந்தது, வார்னிஷ் வாசனை அடித்தது. சம்பந்தம் சார் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. சுற்றிப் பார்த்தேன். பக்கவாட்டில் தனியாக ஒரு வாசல். மொட்டை மாடியில் நான்கு தூணிலும் இரண்டடிக் கம்பி.

முன் வரிசையில் ஒரு தம்பதி டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நம்ம சைடு போர்ஷனுக்கு வர்றவங்க மேடம்" என்று அறிமுகப்படுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரூஃப் போடறதுக்கு முன்னாடியே அட்வான்ஸ் குடுத்துட்டாங்க" என்றார்.

அந்த மனிதர் காபி டம்ளரோடு எழுந்து வந்தார். "கேக்கணும்னு இருந்தேன் சார். இங்க தண்ணி எப்படி?"

சம்பந்தம் சார் என் பக்கம் திரும்பவே இல்லை.

"காத்து நல்லா வரும்" என்றார். இந்த முறை வேர்க்கவில்லை.

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதலில் காலண்டரை எடுத்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். அப்புறம் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள். சேலையூரில் என் கீழ்ப் போர்ஷன் ஒன்று இப்போது காலியாக இருக்கிறது. வந்து பார்க்கலாம். காத்து நல்லா வரும்.