எட்டு எஞ்சினுக்கும் ஒரே எண்

லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். வீட்டில் இரண்டு அறைகள். பெரியதைப் பொம்மை ரயில் ஓடும் மேசை பிடித்துக்கொண்டது. வயிற்றை எக்கிக்கொண்டுதான் சுற்றி வர முடியும். மனைவி இருந்தவரை, "இது வீடா ஸ்டேஷனா?" என்று கேட்டுக்கொண்டே தண்டவாளத்தைத் துடைத்தும் வைப்பார்.

மனைவி இறந்த பிறகும் அவருடைய அண்ணன், லிஃப்ட்காரரின் மச்சான், ஞாயிறுதோறும் வந்தார். பொம்மை ரயிலானாலும் ஓட்ட இரண்டு ஆள் வேண்டும். தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச், பாதி கதவுப் பக்கம், பாதி ஜன்னல் பக்கம். ஜன்னல் பக்கம் நிற்பவர் நேரத்துக்குத் தட்டாவிட்டால் வண்டி பாதியில் நிற்கும்.

"தூங்கிட்டீங்களா மச்சான்?"

"உன் ரயில் வர்ற வேகத்துக்கு ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சே தட்டலாம் மாப்ளே."

ஏழு மாதத்துக்கு முன் மச்சான் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். "அடுத்த மாசம் வர்றேன்" என்று மாதாமாதம் சொன்னார். ரயில் தூசி படிந்து நின்றது. கடைசியில் லிஃப்ட்காரர் டிஜிட்டலுக்கு மாறினார். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சிப், அதற்கென ஓர் எண். ரிமோட்டில் அந்த எண்ணை அழுத்தினால் அது மட்டும் ஓடும். ஒரே ஆள் போதும். இனி மச்சான் எதற்காக வருவார்? அதனால் அவரிடம் மூச்சு விடவில்லை.

ஆயிரம் லிஃப்ட் பார்த்தவருக்குக் கையேட்டைப் புரட்டுவது கௌரவக் குறைச்சல். எட்டு எஞ்சினையும் ஒன்றாகத் தண்டவாளத்தில் நிறுத்தி, ஒன்று முதல் எட்டு வரை எண்களை ரிமோட்டால் சிப்பில் எழுதினார். ஒன்றை அழுத்தினார், எதுவும் அசையவில்லை. ஏழு வரை அதே கதை. எட்டை அழுத்தியதும் எட்டும் சேர்ந்து கிளம்பின. ஒன்றையொன்று இடித்து இரண்டு கவிழ்ந்தன. வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டிய காட்சி. கூடச் சிரிக்க ஆள் இல்லை. அது தாங்காமல் போனை எடுத்து மச்சானிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மச்சான் இருமல் வரும்வரை சிரித்தார். "எல்லாத்தையும் ஒண்ணா நிறுத்தி எழுதினா எல்லாமே கடைசி நம்பரைத்தானே எடுத்துக்கும். ஒவ்வொண்ணா வெச்சு எழுதணும் மாப்ளே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருஷம் முன்னாடியே புத்தகம் வாங்கிப் படிச்சேன்."

"அப்பவே மாத்தலாம்னு சொல்லியிருக்கலாமே?"

"தங்கச்சி போனப்புறம் உன் வீட்டுக்கு வர எனக்கு வேற என்ன சாக்கு இருந்துச்சு?"

சும்மாவே வந்திருக்கலாமே என்று லிஃப்ட்காரருக்கு வாய்வரை வந்தது. ஆனால் சும்மா வாங்க என்று அவர் ஒருநாளாவது கூப்பிட்டிருக்கிறாரா? "சுவிட்ச் மக்கர் பண்ணுது, வாங்க மச்சான்" என்றுதான் சனிக்கிழமைதோறும் போன் செய்வார். எந்தச் சுவிட்சும் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை.