கொட்டகைக்குப் போன புற்றுமண்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழையும் இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சங்கரன்கோவிலில் உடம்புக்கு எது வந்தாலும் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வோம். அந்த வருடம் திருவேங்கடம் பாதையில் கொட்டகை போட்டிருந்த ஒரு சாமியார், ஆடித்தபசுத் திருவிழா முடியும்வரை சோறு தொடாமல் புற்றுமண்ணை மட்டும் கரைத்துக் குடித்தால், தவமிருந்த அம்மனைப் போலச் சாமியை நேரில் பார்க்கலாம் என்றார். என் அக்காளும் அத்தானும் இன்னும் சிலரோடு போய் உட்கார்ந்தார்கள். மண் கொண்டுவரும்படி அக்காள் போகும்போதே என்னிடம் சொல்லியிருந்தாள். தினமும் ஊர் எழுவதற்குள், கொட்டகையில் இருந்த எல்லாருக்குமாக ஒரு பொட்டலம் கொண்டுபோய் அக்காள் கையில் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் அத்தானும் இன்னும் மூன்று பேரும் இறந்து கிடந்தார்கள். சாமியாரைக் காணவில்லை. அக்காளுக்கு உயிர் இருந்தது.

சில பெண்கள், செத்தவர்கள் சித்தியடைந்துவிட்டதாகச் சொல்லிக் கொட்டகையில் சூடம் கொளுத்தினார்கள். கோயில் குருக்கள், "அம்பாள் தபசு இருந்தா. உங்கள இருக்கச் சொன்னாளா?" என்று நொந்துகொண்டார்.

டீக்கடையில் ஒருவர், "சாமி குத்தம்லா வே!" என்றார்.

"நீரு ஒம்பது நாளு மண்ணத் தின்னு பாரும், குத்தம் யாருதுன்னு தெரியும்" என்றார் மற்றவர். சிரித்தார்கள்.

இறந்த ஒருவரின் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அத யாரு சுமந்துட்டுப் போனான்னு தெரியட்டும், கைய ஒடிச்சுருதேன்" என்றார். நான் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்காளைத் தெருவில் சேர்ப்பதா என்று பஜனை மடத்தில் கூட்டம் போட்டார்கள்.

"புருசனுக்கு மண்ணக் கரைச்சுக் குடுத்தவ, நம்ம தெருவுல வெளக்கேத்தலாமா?" என்றாள் ஒருத்தி.

மடத்துப் பெரியவர் இரக்கப்பட்டுத்தான் கேட்டார்: "ஏட்டி, கொண்டாந்தவன் பேரச் சொல்லு. பழி அவனோட போயிரும். நீ இங்கனயே இரி."

அக்காள் என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாது அண்ணாச்சி" என்றாள்.

சாதாரண நாளிலேயே நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அன்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் சுண்ணாம்பு நகத்துக்குள் ஏறியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

மறுநாள் அவளைச் சிவகிரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "ஏலே, சாப்பிட்டுட்டு வேலைக்குப் போ" என்றாள். அங்கே நடவு வேலைக்குப் போய்ப் பிழைத்தாள். வருடங்கள் ஓடிவிட்டன. போன வாரம், "கண்ணு மங்கிட்டு. நம்ம வீட்டுல வந்து கெடக்கட்டுமா, தம்பி?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள்.

மண்ணைச் சுமந்தவன் நான். வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். நாளைக் காலையில் இந்தத் தாளை, இப்போதும் மடத்தில் இருக்கும் அந்தப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் வாசித்து முடிக்கும்வரை ஓடாமல் அங்கேயே நிற்க வேண்டும்.

ஹேவிளம்பி வருடம், ஆவணி மாதம் 9-ஆம் தேதி.