இறைச்சித் தட்டில் ஒரு கோப்பிப் புடிங்

இரவல் பிறிஜ்ஜில் இனிப்புச் செய்து விற்கிறவர்களுக்கு என்று ஒரு சங்கம் இருந்தால் அதில் நானும் ஒரு ஆள். கடைசிக் கதிரையில் வாய் திறக்காமல் இருக்கிற ஆள். மாமி வீட்டுக் குசினியில், மச்சாள் வீட்டு அலுமாரியில், ஆருடையவோ வீட்டு மூலையில் இடம் கேட்டுத் தொழில் செய்கிற அக்காமார், தங்கச்சிமார் கனபேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது.

தட்டு கிடைத்தது

நான் செய்கிறது பிஸ்கற் புடிங். அடுப்பு வேண்டாம், அவண் வேண்டாம். ஆறவிட்ட கோப்பியில் பிஸ்கற்றைத் தோய்த்துச் சின்னக் கப்பில் ஒரு அடுக்கு. மாஜரினும் ஐசிங் சீனியும் கொக்கோத் தூளும் அடித்த கிறீம் அதற்கு மேல் ஒரு அடுக்கு. திரும்பப் பிஸ்கற், திரும்பக் கிறீம், வறுத்த கச்சான் கடலையை நொறுக்கித் தூவி மூடியைப் போட்டால் முடிந்தது. பிஸ்கற்றைக் கோப்பிக்குள் விட்டால் ஒன்று, இரண்டு என்று எண்ணி எடுத்துவிட வேண்டும். மூன்று எண்ணினால் அது கோப்பியோடு போய்விடும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். போனில் ஒரு பெண் செய்து காட்டின வீடியோவை மகள் நித்திரையாகிற நேரத்தில் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் பழகினேன். அந்தப் பெண் ஒன்றை மட்டும் லேசாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்: ஆறு மணித்தியாலம் பிறிஜ்ஜில் வைக்க வேண்டுமாம். எங்கள் வீட்டுப் பிறிஜ் மாமியுடையது.

நாங்கள் இருக்கிறது ஊர்காவற்றுறையில். இவருக்குக் கடல் தொழில். தொழிலுக்குப் போகிற வீட்டில் மீன் பிறிஜ்ஜுக்குள் போகிறதில்லை, பிடித்த அன்றே சட்டிக்குள் போகும். பிறிஜ்ஜின் நடுத்தட்டு, சனிக்கிழமை வாங்கி ஞாயிறு சமைக்கிற இறைச்சிக்கு. நான் கலியாணம் கட்டி வந்து நாலு வருசம். அந்தத் தட்டில் வேறு ஒரு சாமானும் இருந்து நான் காணவில்லை. ஆனால் உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை, தட்டு வெறுமையாக இருக்கும். விபூதிப் புதன் பூசை முடிந்து மாமி வந்து இருந்ததும், இவரை முன்னுக்கு விட்டு நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இவர்தான் தட்டைக் கேட்டார். மாமி நெற்றியில் விபூதியோடு என் பக்கம் திரும்பிச் சொன்னா:

"சும்மா கிடக்கிற தட்டுத்தானே, பாவிச்சுக்கொள். ஆனால் பெரிய சனிக்கு இறைச்சி வரும். அண்டைக்குத் தட்டு வெறுமையா இருக்க வேணும். அதுக்குப் பிறகு பிறிஜ்ஜுக்குள்ள உன்ர கப் ஒண்டையும் நான் காணக்கூடாது."

நாற்பது நாளுக்குள் நாலு பேர் தேடி வந்து வாங்கினால் மாமி மனம் மாறுவா என்று நான் நினைத்தேன். மாறாவிட்டால் உயிர்த்த ஞாயிறோடு என் தொழில் முடிந்துவிடும்.

தடிமன்

முதல் செய்த ஐந்து கப்பையும் இறங்குதுறைக்குக் கொண்டு போனேன். எழுவைதீவுப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிற ரீச்சர் ஒருவர் காலமை அங்கேதான் போட்டுக்கு நிற்பார். அவர் கையில் பையைக் கொடுத்துவிட்டு, விலையைக்கூடச் சொல்லாமல் ஓடி வந்துவிட்டேன்.

பிழை கோப்பியில் நடந்தது. மாமி கோப்பிக் கொட்டையோடு மல்லி, சுக்கு, மிளகு எல்லாம் போட்டு வறுத்து இடித்துப் போத்திலில் வைத்திருப்பா. பிறந்த நாள் தொட்டு எனக்குத் தெரிந்த கோப்பி அதுதான். கோப்பி என்று சொன்னால் அதைத்தானே போட வேண்டும்? நன்றாக மணக்கட்டும் என்று ஒரு கரண்டி கூடவே போட்டேன். அடுத்த நாள் ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, காசைக் கையில் வைத்து, மெதுவாகச் சொன்னார்:

"புடிங் நல்லாத்தான் இருந்தது பிள்ளை. சாப்பிட்டிட்டுப் படுத்தன், மூண்டு நாளா மூக்கடைச்சிருந்த தடிமன் விட்டிட்டுது."

இனிப்பு விட்டவர்கள்

கடைக் கோப்பிக்கு மாறினேன். புடிங் நன்றாக வந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. நான் தொழில் தொடங்கினது தவக்காலம் என்கிறதை இறைச்சித் தட்டுக்காக மட்டும் யோசித்திருக்கிறேன், வாயை யோசிக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஆண்டவருக்காக ஆளுக்கு ஒன்றை நோன்பாக விடுவார்கள்: ஒருவர் சுருட்டை விட்டிருந்தார், ஒருவர் சாராயத்தை விட்டிருந்தார், மற்ற எல்லாரும் இனிப்பை விட்டிருந்தார்கள். மாமியும் இனிப்பை விட்டிருந்தா. அதனால் என் புடிங்கை அவ ருசி பார்க்கிற கதையே இல்லை.

பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா மட்டும் ஒவ்வொரு நாளும் வேலியடிக்கு வந்து, "இண்டைக்கும் செய்தனீரோ?" என்று கேட்டு, மணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவா. இரண்டாம் கிழமை அவவுக்குப் பொறுக்க முடியவில்லை.

"இஞ்சை பாரும், நான் ஆண்டவருக்கு விட்டது இனிப்பு. கோப்பி விடேல்லை. அந்த அடியில கிடக்கிற கோப்பிப் பிஸ்கற்றை மட்டும் சுரண்டித் தாரும், மேல் கிறீமை நீர் சாப்பிடும்."

கரண்ட்

ஒரு நாள் காலமை போன கரண்ட் பின்னேரம்தான் வந்தது. இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடை அண்ணை தன் மகளின் பிறந்தநாளுக்குப் பத்துக் கப் சொல்லியிருந்தார். திறந்து பார்த்தால் அடுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் ஒரே கூழ். கொண்டு போய்க் கடை மேசையில் வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணை ஒரு மூடியைத் திறந்து, சரித்து, திரும்ப நிமிர்த்திப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்குக் கரண்டி குடுக்கிறதோ, குழல் குடுக்கிறதோ?"

பத்தையும் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் குழல் வைத்துத்தான் குடித்தார்களாம்.

மீன் பெட்டி

நான் பிறந்தது எழுவைதீவு. என் கூடப்பிறந்த அண்ணையும் அண்ணியும் அங்கேதான் இருக்கிறார்கள். அண்ணி தன் வீட்டு விசேசத்துக்குப் பன்னிரண்டு கப் கேட்டா. போட்டில் போக வேண்டும், வெயில் வேறு. குளிர் நிற்கிற பெட்டி எங்கள் வீட்டில் ஒன்றுதான், இவர் மீனுக்கு ஐஸ் போடுகிற றெஜிபோம் பெட்டி. இவர் அதைச் சவுக்காரம் போட்டு மூன்று தரம் கழுவி, தேசிக்காய்ப் புளி தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"இஞ்சேரும், ஒரு மணமும் இல்லை" என்றார். நானும் மணந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

கடல் தொழில் வீட்டு ஆட்களின் மூக்கை நம்பக்கூடாது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். இவர் மூக்கும் என் மூக்கும் அந்த மணத்துக்குள்ளேயே வளர்ந்தவை. அண்ணியும் அந்தத் தீவில்தான் இருக்கிறா, ஆனால் அவ யாழ்ப்பாண ரவுணிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவ. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கப்பின் அடியைக் கிளறிப் பார்த்தா.

"மேல் இரண்டு அடுக்கும் சொக்லேற். கீழ் அடுக்கு சூடை மீனோ மச்சாள்?"

தலையாட்டு

அப்படி இருந்தும் அந்த எழுவைதீவு ரீச்சர் என்னைக் கைவிடவில்லை. தடிமன் விட்ட நன்றியோ தெரியாது. அவருக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று லண்டனிலிருந்து புங்குடுதீவுக்கு வந்திருந்தது. இறுப்பிட்டியில் பூட்டிக் கிடந்த தங்கள் வீட்டைத் திருத்தி, திரும்பக் குடிபுகுகிற குடிபூரலுக்கு நாள் வைத்திருந்தார்கள். அது எங்களுக்கு உயிர்த்த ஞாயிறு. அந்த வீட்டு அம்மா எனக்குப் போன் எடுத்தா. நாற்பது கப் வேண்டுமாம்.

எனக்குத் தெரியாத ஆட்களோடு போனில் கதைக்க வராது. "முட்டை போடுறேல்லைத்தானே?" என்று அவ கேட்டா. இல்லை என்று தலையாட்டினேன். "நாங்கள் சைவம். மச்சம் மாமிசம் வைக்கிற பிறிஜ்ஜில வைக்கக்கூடாது, விளங்குதோ?" என்று கேட்டா. ஓம் என்று தலையாட்டினேன். அந்தப் பக்கம் இரண்டு தரம் "ஹலோ" கேட்டது. பிறகு சிரிப்புக் கேட்டது.

"பிள்ளை, நீர் தலையாட்டிறீர் எண்டு எனக்கு விளங்குது. ஆனால் அதை நம்பி நான் நாற்பது பேருக்குப் பந்தி வைக்க ஏலாது. வாயைத் திறந்து ஒருக்காச் சொல்லும்."

"மச்சம் படாது அம்மா. நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று சொன்னேன். போனை வைத்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன். சனி இரவு பாஸ்கா பூசை, அதனால் வெள்ளியே செய்துவைக்க வேண்டும்; ஞாயிறு காலமை கொடுக்கிற புடிங் சனிக்கிழமை முழுக்கத் தட்டில் இருக்கும். அந்தச் சனிதான் மாமி சொன்ன பெரிய சனி, இறைச்சி வருகிற நாள்.

பெரிய சனி

வியாழக்கிழமை மாமிக்குச் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. பெரிய வெள்ளி அன்று இப்படிக் கதை கதைக்கலாமோ என்று விட்டேன். அன்று பின்னேரம் நாற்பது கப்பையும் அடுக்கி நடுத்தட்டில் வைத்தேன். கொள்ளாததைக் கீழ்த்தட்டிலும் வைத்தேன். சனி காலமை மாமா இரண்டு கிலோ இறைச்சியோடு வந்தார். மாமி அதைச் சட்டியில் போட்டு ஏந்திக்கொண்டு வந்து பிறிஜ்ஜைத் திறந்தா. இவர் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் விட ஆள் இல்லை.

"இதென்ன இது? இண்டைக்கு வெறுமையா இருக்க வேணும் எண்டு சொன்னனான் எல்லே?"

மாமி ஒரு கையால் கப்புகளை ஒதுக்கப் பார்த்தா. "சரி, இதுகளை அங்கால தள்ளு. ஓரத்தில சட்டியை வைக்கிறன்."

நான் போய்ப் பிறிஜ் கதவில் கையை வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"ஏலாது மாமி."

மாமி என்னைப் பார்த்தா. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவளும் பார்த்தாள்.

"சைவ ஆக்கள் மாமி. குடிபூரலுக்கு. மச்சம் படாத இடத்தில வைப்பன் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆர் சொன்னது? உவனோ?"

"இல்லை. நான்தான். போனில."

"நீ கதைச்சனியோ?"

"ஓம்."

மாமி கையில் சட்டியோடு நின்றா. என்னையும் பார்த்தா, கப்புகளையும் பார்த்தா. பிறகு திரும்பி அடுப்பை மூட்டினா. இறைச்சி வெயிலுக்குத் தாங்காது, அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். பாஸ்கா பூசை முடியுமட்டும் ஒருவரும் வாயில் வைக்கவும் கூடாது. கறி கொதிக்கக் கொதிக்க வீடெல்லாம் மணம். மாமா செபமாலையை எடுத்துக்கொண்டு தூரப் போய், வளவின் கடைசி மரத்தடியில் இருந்தார். இவர் கரையால் வந்து படலையைத் திறந்ததும், நாள் மாறிப் போச்சோ என்று கேட்டார். ஜெசிந்தா அக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டினா.

"என்ன, உங்கட வீட்டில மட்டும் ஆண்டவர் ஒரு நாள் முந்தி உயிர்த்திட்டாரோ?"

மாமி சிரிக்கவில்லை. என்னோடு அன்று முழுக்கக் கதைக்கவும் இல்லை. தட்டு போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

உயிர்த்த ஞாயிறு

காலமை இறுப்பிட்டி அம்மா வான் பிடித்துத் தானே வந்து இறங்கினா. கப்புகளை எண்ணி ஏற்றும்போது, "மச்சம் ஒண்டும் படேல்லைத்தானே பிள்ளை?" என்று கேட்டா. நான் பழக்கத்தில் தலையாட்டத் தொடங்க, பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"அந்தத் தட்டில நாற்பது நாளா மச்சம் படேல்லை. எங்கட பிள்ளை விடாது."

எங்கட பிள்ளை என்று மாமி சொன்னது எனக்குத் தெரிய அதுதான் முதல் தரம். அந்த அம்மா போகும்போது, தாங்கள் ஆவணி வரைக்கும் இங்கே நிற்பார்கள், கிழமைக்கு ஒருக்கா வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனா. நான் மாமியைப் பார்க்காமல் உள்ளே போய்க் கோப்பைகளைக் கழுவினேன்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட இருந்தோம். ஒரு நாள் ஊறின கறி. மாமா இரண்டாம் தரம் சோறு போட்டார். இவர் எலும்பைச் சப்பினார். மாமி பிறிஜ்ஜைத் திறந்து, ஏதும் கப் உடைந்தால் உதவும் என்று நான் கூடச் செய்து வைத்திருந்த இரண்டு கப்பில் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டு முடித்தா. புடிங்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கரண்டியை நக்கி வைத்துவிட்டு, ஏதோ நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்கிற மாதிரி, மாமாவைப் பார்த்துச் சொன்னா:

"இறைச்சி எண்டால் வாங்கின அண்டைக்கே காய்ச்சிப்போட வேணும். பிறிஜ்ஜில வைச்சு வைச்சு இவ்வளவு காலமும் ருசியைக் கெடுத்துப்போட்டம்."

ஆறு மணித்தியாலத்தில் இறுகிற புடிங்குக்காக நாற்பது நாள் பிறிஜ் கதவடியில் காவல் நின்றவள் என்று ஆராவது சிரித்தால் சிரிக்கட்டும், தட்டு இப்போது என்னுடையது.