பொருத்தனைக் கோழி

அன்றைக்கு ஆலயத்தில் அம்மா இருந்தார். நான் இருந்தேன். லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா வீட்டுச் சின்னம்மா, அவர் எங்கள் சபை அல்ல, நெற்றியில் திருநீற்றோடு பெண்கள் பக்கத்துக் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். மலைக் காவல்காரர் ஆண்கள் பக்கத்து முதல் வாங்கில் இருந்தார். பீடத்துக்கு முன்னால், பூசணிக்காய்க்கும் லீக்ஸ் கட்டுக்கும் நடுவில், ஒரு தேயிலைக் கொழுந்துக் கூடைக்குள் பதினோரு முட்டைகளின் மேல் எங்கள் வீட்டுக் கருப்புக் கோழி இருந்தது. போதகர் இல்லை. பசறை ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது என்று சேதி வந்திருந்தது. அப்பாவை இருந்தார் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே தகரத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கினவர்போல நின்றார்.

அறுப்பின் பண்டிகை எங்கள் தோட்டத்தில் மழைக்காலத்தில்தான் வரும். அறுக்க எங்களுக்கு வயல் கிடையாது. தேயிலை எங்களுடையதும் அல்ல. நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தியில் விளைந்தது, கூண்டில் வளர்ந்தது, இவற்றில் முதலாவதைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன் வைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும். சபைக்காரர், சபைக்காரர் அல்லாதவர் என்று தோட்டத்தில் பாதிப்பேர் அதற்கு வருவார்கள். அதில் ஒரு வழக்கம் மட்டும் கண்டிப்பு. கொடுத்தவர் தான் கொடுத்ததைத் தானே ஏலம் கேட்கக்கூடாது. எங்கேயும் எழுதி வைத்ததில்லை. ஆனால் கேட்டால் அடுத்த அறுப்பு வரைக்கும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அதுதான் பேச்சாக இருக்கும்.

கோழியின் கதை ஏழு எட்டு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. நான் சாதாரணதரப் பரீட்சை முடித்து, உயர்தரமும் ஒருவழியாக எழுதி முடித்து, ஆசிரியர் நியமனத்துக்கு மனுப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த காலம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் இல்லை. தபால்காரர் வராத ஒரு நாளில் அம்மா அடுப்படியில் முழங்காலிட்டு, “என் புள்ளைக்குக் கடிதம் வந்தா இந்தக் கருப்புக் கோழிய ஒமக்குக் கொடுக்கிறேன் ஆண்டவரே” என்று சத்தமாகவே பொருத்தனை செய்துவிட்டார். கோழி அப்போது முட்டையிடவே தொடங்கவில்லை.

கடிதம் வந்தது. பசறைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் வேலை. நான் சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து ஞாயிறு கடைசி பஸ்ஸில் திரும்புகிறவனானேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சின்னம்மாவின் முட்டைக்கோழியைக் கீரி பிடித்துவிட்டது. அவர் புருஷன் இல்லாமல் ஒரு மகளை வைத்துக்கொண்டு கொழுந்தெடுத்துப் பிழைக்கிறவர். அந்தக் கோழி போட்டு மிஞ்சியிருந்த பதினோரு முட்டைகளை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். எங்கள் கருப்பி அடைக்குக் கொக்கரித்துக்கொண்டிருந்த நேரம். பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி என்பது லயத்து ஏற்பாடு. அம்மா ஒரு யோசனையும் இல்லாமல் முட்டைகளை வாங்கி வைத்துவிட்டார். பண்டிகைத் தேதியை யாரும் நினைக்கவில்லை. நினைத்தபோது கோழி பதினேழு நாள் அடையில் உட்கார்ந்திருந்தது. பொரிக்க இன்னும் நாலு நாள்.

நான் படித்தவன் அல்லவா, உடனே வழி சொன்னேன். “பதுளைச் சந்தையில வேறொரு கோழி வாங்கிட்டு வாறேம்மா. அதக் கொடுத்துருங்க. ஆண்டவர் மனசத்தான் பாக்கிறாரு.”

“மனசையும் குடுக்கிறேன், கோழியையும் குடுக்கிறேன்” என்றார் அம்மா. “நா கருப்பின்னு பேர் சொல்லிக் கேட்டவ. கடிதம் வாங்கும்போது வேற வீட்டுக் கடிதத்தையா வாங்குனோம்?”

“அப்ப அடுத்த வருஷம் கொடுங்க.”

“ஒனக்கு அடுத்த வருஷமா சம்பளம் குடுக்கிறாங்க?”

அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தார். “வாத்தியாரே, ஒங்க பாடம் இங்க எடுபடாது.”

சின்னம்மா வாசல் நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோபமாகப் பேசவில்லை. “சாமிக்கு நேர்ந்தத நா எப்படிக்கா வேணாங்கிறது? ஆனா முட்டைய நா நேரலியே” என்றார்.

யார் அந்தக் கோழியை ஏலத்தில் எடுத்தாலும் நேரே சட்டிக்குத்தான் போகும். மழைக்காலத்துக் கோழிக் குழம்புக்கு அன்றைக்குத் தோட்டத்தில் ஆசைப்படாதவர் யார்? குளிர்ந்துபோன முட்டைகளைப் பிறகு எந்தக் கோழிக்குக் கீழே வைப்பது?

ஞாயிறு விடியும் முன் அம்மா கூடையில் காய்ந்த மானாப்புல்லைப் பரப்பி, கோழியை முட்டையோடு மெல்ல மாற்றி, மழைக்கு, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற தன் படங்குச் சாக்கைப் போர்த்தி, தலையில் வைத்து நடந்தார். கோழி முணுமுணுத்ததே தவிர எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் பூசணிக்காயையும் வாழைக்குலையையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்கள். அம்மா கூடையை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போதகர் வராததால் ஆராதனையைச் சபை மூப்பர் நடத்தினார். பேசும் வேலை எனக்கு வந்தது. முழு மனதோடு கொடுப்பதைப் பற்றிக் கொப்பியில் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். தகரத்தில் மழை கொட்டியதில் இரண்டாம் வரிசைக்கு அப்பால் ஒன்றும் கேட்டிருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அதனால் ஏலம் கூறுகிற வேலையையும் மூப்பர் என்னிடம் கொடுத்தபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு அதில் காட்டினேன்.

பூசணிக்காய் நன்றாகப் போனது. லீக்ஸ் போனது. கோழிக்கூடை வந்தபோது, “நூறு ரூபா!” என்று தொடங்கினேன். சின்னம்மா கையைத் தூக்கினார். எனக்குச் சந்தோஷம். முட்டைக்காரி கேட்கிறார், அவருக்கே விட்டுவிடலாம் என்று சபை முழுவதும் அமைதியானது. ஒரு தரம் என்றேன்.

காவல்காரர் கையைத் தூக்கினார். “நூத்தம்பது.”

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. ஒரு கிழவி, “ஏன்டா, ஒனக்கு நாக்கு அவ்வளவு நீளமா?” என்று கேட்டே விட்டார். காவல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கையை இறக்கவில்லை. சின்னம்மா இருநூறு என்றார். காவல்காரர் இருநூற்றைம்பது என்றார். டவுனில் நல்ல நாட்டுக்கோழியே நூற்றெண்பதுக்குக் கிடைத்த காலம் அது.

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். காவல்காரரைத் தனியே கூப்பிட்டு, “அண்ணே, பாவம், விட்டுக் கொடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலு பக்கம் எழுதியவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சபை போன வருஷம் எங்களைவிட அதிகமாய்ச் சேர்த்ததும், எங்கள் கூரைக்குத் தகரம் வேண்டியிருந்ததும், என் குரல் மழையை மீறிக் கேட்பதும்தான் என் மண்டையில் நின்றன. “காவல்காரண்ணே, மலையில மாட்டையே வெரட்டுறீங்க, ஒரு பொம்பளகிட்டத் தோத்துட்டா போவப்போறீங்க?” என்று சீண்டினேன். ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. முன்னூறு. நானூறு. அந்தப் பக்கம் திரும்பி, “சின்னம்மா, ஒங்க முட்டை இல்லியா? விட்ருவீங்களா?” என்றேன். ஐந்நூறு. அறுநூறு.

அறுநூறைத் தாண்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. சின்னம்மா ஒவ்வொரு முறையும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்; அம்மா தலையை ஆட்டினார். காவல்காரர் ஒவ்வொரு முறையும் வாசலைத் திரும்பிப் பார்த்தார். இரண்டையும் நான் பார்த்தேன், எதையும் யோசிக்கவில்லை. சின்னம்மா தொள்ளாயிரம் என்றார். காவல்காரர் வாசலைப் பார்த்துவிட்டு, அழாக்குறையாக, “தொள்ளாயிரத்தம்பது” என்றார்.

சின்னம்மா எழுந்து நின்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “அண்ணே, நெசமாச் சொல்லுங்க. ஒங்களுக்கு வேணுங்கிறது கோழியா, கொழம்பா? கொழம்புன்னா நானே வேற கோழி அடிச்சு ஆக்கிக் கொண்டாறேன். இத விடுங்க” என்றார்.

“எனக்கு ஒரு எழவும் வேணாம் தாயி!” காவல்காரர் வாய்விட்டுக் கத்திவிட்டார். பிறகு பீடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நா எனக்குக் கேக்கல. கேக்கச் சொன்னவரு வெளிய நிக்கிறாரு. தலத்துண்ட அவுக்கிற வரைக்கும் விடாதன்னாரு. மனுசன் அவுக்கவே மாட்டேங்கிறாரு!”

எல்லாத் தலையும் வாசலுக்குத் திரும்பியது. அப்பா அப்போதுதான் துண்டை அவிழ்த்தார்.

“நீங்களா?” என்றார் அம்மா.

“ஏன், நீ யாருன்னு நெனச்ச?” என்றவர், அம்மா கையைப் பிசைவதையும் சின்னம்மா முந்தானையில் செருகியிருந்த காசு முடிச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தார். முடிச்சு அம்மாவின் பழைய கைக்குட்டை. அப்பாவுக்குப் புரிய அவ்வளவு போதும். “அடக் கடவுளே” என்று கதவில் சாய்ந்துவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். கொடுத்தவர் கேட்கக்கூடாது என்பதால், அரிசி டின்னுக்குள் சேர்த்து வைத்திருந்த காசை அம்மா சின்னம்மாவிடம் கொடுத்து, நீ கேட்டு எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். முடிச்சுக் காசு தீர்ந்தாலும் தான் தலையாட்டினால் விடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். கேலி செய்வார் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. அதே வழக்கத்துக்குப் பயந்து அப்பா காவல்காரரைப் பிடித்திருக்கிறார். கோழியை எடுத்து நேரே சின்னம்மா காம்பராவில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல இருக்கத் திட்டம்; எதற்கென்று காவல்காரருக்கும் சொல்லவில்லை. தாழ்வாரத்திலிருந்து அவருக்குக் காவல்காரரின் முதுகு தெரிந்தது, தகர மழையில் என் குரலில் தொகை மட்டும் கேட்டது. எதிரில் கேட்பது யார் என்று மழையில் தெரியவில்லை. டவுன் கடைக்காரர் யாரோ என்று நினைத்தாராம். ஒரே கோழிக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு கை நீண்டிருக்கிறது. நடுவில் நின்று இரண்டு பேரையும் ஏற்றிவிட்டவன் அந்த வீட்டுப் பிள்ளை.

மழைச் சத்தத்தை மீறிச் சபை சிரித்தது. முன்பு காவல்காரரை ஏசிய கிழவி, “வாத்தியாரு வீட்டுக்காரவங்களுக்குக் கணக்கு ரொம்ப நல்லா வருது” என்றார்.

எனக்குக் காது எரிந்தது. “இது செல்லாது. நூறு ரூபாயிலிருந்து மறுபடி தொடங்குவோம்” என்றேன். மூப்பரும் சரி என்று தலையாட்டினார்.

அப்பா செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நனைந்த காலோடு உள்ளே வந்தார். பண்டிகைக்குக்கூட வாசலைத் தாண்டாதவர். “வேணாம் தம்பி. பீடத்துக்கு முன்னால நின்னு கேட்ட வெலை. கேட்டது கேட்டதுதான்” என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். திட்டவில்லை.

அம்மா எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றார். “ஆமா. காச வேற எதுக்கு வச்சிருக்கோம்” என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகக் கவலை இல்லை.

சின்னம்மாதான் அழுதுகொண்டிருந்தார். “எனக்காகவா மச்சான் இவ்வளவு?”

“முட்டைக்காக” என்றார் அப்பா.

கூடையை அம்மா தலையில் வைக்க விடாமல் அப்பாவே வைத்துக்கொண்டார். சின்னம்மா சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, “மெல்ல மச்சான், பள்ளம், பள்ளம்” என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தார். நான் பின்னால் கொப்பியை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். என் நாலு பக்கத்திலும் இல்லாதது எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக அயலாளின் முட்டையைக் குளிரவிட அம்மாவால் முடியவில்லை. அயலாளுக்காக வாக்கைக் குறைக்கவும் முடியவில்லை. இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொல்லியதுதான் என் படிப்பு. அவர் இரண்டையும் வைத்துக்கொண்டு, தன் காசை விட்டார். கோயில் வாசலைத் தாண்டாத அப்பா அம்மாவுக்கும் தெரியாமல் அதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறார். அன்று முதல் யாருக்காவது புத்தி சொல்ல வாய் திறக்கும்போது, அந்தக் கூடை ஆடி ஆடிப் போனது ஞாபகம் வரும். பாதி நேரம் வாயை மூடிக்கொள்வேன்.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது லயத்து வாசலில் கீச்சுக் கீச்சு என்று சத்தம். ஒரு முட்டை வழியில் கீறல் விட்டிருந்ததாம், ஒன்று கூழாகிவிட்டதாம். மற்ற ஒன்பதும் பொரித்திருந்தன. ஒன்பதை எப்படிப் பாதியாக்குவது என்று அம்மாவும் சின்னம்மாவும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்; அவரவர் மற்றவருக்கு ஐந்து என்று. கருப்பி என்னைக் கண்டதும் இறகைச் சிலிர்த்துக் கொத்த வந்தது.

அடுத்த சம்பளம் கைக்கு வந்தபோது ஏலப் பணத்தை அப்படியே அம்மா கையில் வைத்தேன். “நேர்ந்தது நீயா?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் கோழியை எங்கள் லயத்துக்கே திருப்பிக் கொண்டுவர அவர்கள் இருவருக்கும் ஆனது, அம்மாவின் முடிச்சும் அப்பாவின் சட்டைப்பையுமாகத் தொள்ளாயிரத்தைம்பது ரூபாய். கை தூக்கினதற்குக் கூலியாக அப்பா ஒப்புக்கொண்டிருந்த காவல்காரரின் வெற்றிலைக்குப் பத்து. மொத்தம் தொள்ளாயிரத்து அறுபது ரூபாய்.