சந்தையில் அறுபது பேர்

காலை வண்டி தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனை விட்டு நகர்ந்ததுமே மடிக்கணினியைத் திறந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள், நாங்கள் செய்யும் போன் விளையாட்டின் சந்தைக் காட்சி விலை குறைந்த சின்னப் போனிலும் திணறாமல் ஓட வேண்டும். இல்லாவிட்டால் விளையாட்டிலிருந்தே எடுத்துவிடுவோம் என்று பெங்களூரில் என் மேலதிகாரி சொல்லியிருந்தாள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் ஞாயிறு ஞாயிறாகச் சுற்றி, கண்ணால் அள்ளிவந்து எழுதிய காட்சி அது. பழைய தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண்மேடு ஜன்னலில் வந்து போனது. கால் சும்மா இருக்கவில்லை.

தினமும் கூட வரும் எதிர் சீட்டுப் பெண்மணி கார்மென்ட்ஸில் தையல் சரிபார்ப்பவர். நான் எழுதுவதைத் தன் பழைய போனில் முதலில் ஆடிப் பார்ப்பது அவர்தான்.

"இன்னா சார், உங்க சந்தையில எல்லாருக்கும் மூட்டுவலியா? ஒருத்தரும் நகர மாட்றாங்க."

தப்பு என்னுடையது. கொத்தமல்லிக் கடை எங்கே என்று அறிய, காட்சியில் நடமாடும் பொம்மை ஆட்கள் அறுபது பேரும் நொடிக்கு முப்பது முறை கடைப் பட்டியலை முதல் வரியிலிருந்து தேடினார்கள். இரண்டு நிமிஷம் வரிசையில் நிற்காத நான், இவர்களை இப்படி அலையவிட்டிருக்கிறேன்.

பொருளின் பெயரைச் சொன்னால் கடை நேராகக் கிடைக்கும்படி மாற்றி அடுக்கினேன். அதுவும் போதவில்லை எனக்கு. ஒரு தடவை கண்ட கடையை அவரவர் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும், மறுபடி கேட்கவே வேண்டாம் என்று எழுதி, கேபிளைச் செருகி அவர் போனில் ஏற்றினேன். ஓடியது. வழுக்கிக்கொண்டு ஓடியது.

பங்காரப்பேட்டை தாண்டியதும் சிரிக்க ஆரம்பித்தார்.

"அந்தம்மா கடைய சாத்திட்டு வூட்டுக்குப் போயிடுச்சு சார். இவனுங்க மூடின கடையாண்ட நின்னு கொத்தமல்லி வாங்கினு கீறானுங்க. யாரு குடுக்கறா, பேயா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் கையில் இருந்தது காலைப் பதில். விளையாட்டுக்குள் சந்தை மத்தியானத்துக்குப் போய்விட்டது. கையில் இருப்பதைப் பிடுங்கினால் வேகம் போகும், விட்டுவைத்தால் பொய். நகத்தைக் கடித்தேன், இரண்டு ஸ்டேஷன் போனது. பிறகு மூன்றே வரி: கடை திறந்தாலோ மூடினாலோ, அந்தக் கடையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சேதி போகட்டும், அவர்கள் மட்டும் புதிதாகக் கேட்கட்டும்.

"இப்போ பாருங்க."

"ம். திரும்பிப் போறாங்க. பாவம், வெறுங்கையோட."

மத்தியானம் பெங்களூர் ஆபீஸில் மேலதிகாரி தன் சின்னப் போனில் சந்தையைச் சுற்றினாள். நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரச் சொன்னபோதும். போன் ஒரு இடத்திலும் திணறவில்லை.

"இருக்கட்டும் சார், இதை எடுக்கல" என்றாள். மூச்சு விடுவதற்குள், "அடுத்தது உங்க மழைக் காட்சி. அதுவும் திணறி நிக்குது."